பட்டாசு சிஸ்டரும் பூட்டி வைத்த கருவியும்

நரம்பியல் வார்டில் அவளை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. பட்டாசு சிஸ்டர், அவ்வளவுதான். கோபம் அவளுக்கு மூக்கு நுனியில் இருக்கும். டயர் கடை வைத்திருந்த அவள் கணவன், "வெடிக்கிறதையெல்லாம் வார்டுலயே வெடிச்சுட்டு வா தாயே, வீட்டுக்குப் புகை மட்டும் போதும்" என்பான்.

அந்த வருடம் மருத்துவமனை, பேச முடியாத நோயாளிகளுக்காகச் சில கருவிகள் வாங்கியது. நோயாளி திரையில் ஓர் எழுத்தை உற்றுப் பார்த்தால் கருவி அதைப் பிடித்துக்கொள்ளும். சொல் சேர்ந்ததும் குரலாகச் சொல்லும். பயிற்சி என்று நர்சுகளை அரங்கில் கூட்டினார்கள். ஷிஃப்ட் முடித்துக் கால் கடுக்க வந்தவர்கள் நாற்காலியிலேயே தூங்கி விழுந்தார்கள். கம்பெனியிலிருந்து வந்த பயிற்சியாளர் பெண் படம் படமாக ஓட்டினாள். ஒருவர் கையிலும் கருவி வரவில்லை. ஆளுக்கொரு சான்றிதழ், ஒரு டீ, முடிந்தது. உடைந்தால் யார் பொறுப்பு என்ற பயத்தில் கருவிகள் நர்சிங் சூப்பிரண்டென்ட் அம்மாவின் அலமாரிக்குள் போயின.

"நீச்சலைப் படத்துல காட்டிட்டுப் போறா. அந்தப் பொண்ணுக்கு வாய் மட்டும்தான் வேலை செய்யுது" என்று பட்டாசு பொரிந்தாள்.

பிறகு ஒரு கிரேன் ஓட்டுநர் நோயாளியாக வந்து சேர்ந்தார். பக்கவாதம். கண்ணைத் தவிர எதுவும் அசையாது. புத்தி மட்டும் தெளிவு. புரட்டிப் படுக்க வைக்கும்போதெல்லாம் முனகினார், வியர்த்துக் கொட்டினார். "வலிக்குதா?" என்றால் இமையை மூடித் திறந்தார். காலா, முதுகா, வயிறா என்று கேட்டார்கள். ஒன்றுக்கும் இமை அசையவில்லை. டாக்டர் அமைதிப்படுத்தும் மருந்து எழுதினார். பட்டாசுதான் ஊசி போட்டாள்.

"அவரு என்னமோ சொல்ல வர்றாரு சிஸ்டர்" என்றாள் அவர் மனைவி.

"இந்த நோய்ல அப்படித்தாம்மா இருக்கும்."

ஒரு நாள் அவர் மனைவி விடவில்லை. "கண்ணால பேசுற மெஷின் வாங்கி வெச்சிருக்கீங்களாமே. யாருக்கு, அலமாரிக்கா?"

பட்டாசுக்குச் சுருக்கென்றது. சூப்பிரண்டென்ட் அறையில் ஆளில்லை. சாவி மேசை மேலேயே கிடந்தது. திறந்து எடுத்து வந்தாள். கருவி விழித்தது, ஆனால் அவர் கண்ணைக் கண்டுபிடிக்கவே மாட்டேன் என்றது. சான்றிதழிலிருந்த கம்பெனி எண்ணுக்குப் போன் போட்டுத் திட்டித் தீர்த்தாள். பயிற்சியாளர் பெண் முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அக்கா, நான் மூணு நாள் கேட்டேன். வார்டுலயே, நோயாளி பக்கத்துலயே சொல்லித் தர்றேன்னு சொன்னேன். உங்க ஆஸ்பத்திரிதான் ஒரு மணி நேரம் போதும்னுச்சு."

மறுநாள் தன் விடுமுறையிலும் பயிற்சியாளர் பெண் வார்டுக்கு வந்தாள். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினாள். ஜன்னல் வெளிச்சம் கண்ணில் அடிக்காதபடி திரையைத் திருப்பினாள். அவருடைய வலது இமை சரிந்திருப்பதைப் பார்த்து, இடது கண்ணை மட்டும் கவனிக்கும்படி கருவியை மாற்றினாள். ஒவ்வொன்றையும் பட்டாசின் கையாலேயே செய்ய வைத்தாள்.

கிரேன் ஓட்டுநர் எழுத்து எழுத்தாகப் பார்த்தார். கருவி பேசியது.

"வலது காது. எரியுது."

டாக்டர் வந்து பார்த்தார். உள்ளே சீழ் கட்டியிருந்தது. அந்தக் காதின் மேல்தான் அவரைப் புரட்டிப் புரட்டிப் போட்டிருந்தார்கள்.

"மனுஷன் நெருப்புல படுத்துக் கெடந்திருக்காரு. நீங்க தூங்க மருந்து குடுத்திருக்கீங்க" என்று அவர் மனைவி கத்தினாள். ஊசி போட்டது பட்டாசின் கை. அந்தக் கையோடுதான் சூப்பிரண்டென்ட் அறைக்குள் நுழைந்தாள்.

"யாரைக் கேட்டு அலமாரியத் திறந்தீங்க?"

"யாரைக் கேட்டு மேடம் பூட்டுனீங்க? ஒழுங்கா மூணு நாள் பயிற்சி குடுத்திருக்கலாம்ல?"

"பயிற்சிக்கு ஆளனுப்பினா வார்டை யார் பாக்குறது? இருக்கறதே அரைகுறை ஸ்டாஃப்."

"அதான் பயிற்சி வார்டுக்கே வரட்டும்ங்கறேன். டூட்டி நேரத்துல, கட்டில் பக்கத்துல. இல்லேன்னா என் சான்றிதழை நீங்களே வெச்சுக்குங்க. பொய்ப் பேப்பர் எனக்கு எதுக்கு?"

சூப்பிரண்டென்ட் அம்மா இரண்டு உத்தரவு போட்டார்: வார்டிலேயே பயிற்சி, அனுமதியின்றி அலமாரியைத் திறந்ததற்குப் பட்டாசுக்கு மெமோ. இரண்டையும் பட்டாசு வாங்கிக்கொண்டாள். பயிற்சியில் நர்சுகள் முறை வைத்துக் கட்டிலில் படுத்து, வாயைத் திறக்காமல், கண்ணால் மட்டும் தண்ணீர் கேட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி பாதியிலேயே அழுதுவிட்டாள்.

காது ஆறிய பிறகு கிரேன் ஓட்டுநர் நிறையப் பேசினார். பெரும்பாலும் குறைதான். கஞ்சி சூடு, டிவி சத்தம். பட்டாசிடம் ஒருமுறை, "கத்தாதீங்க, எனக்கு வாய்தான் போச்சு" என்றார். வார்டே சிரித்தது.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் கருவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். வெளியே கொடுக்க விதி இல்லையாம். எழுத்துகள் ஒட்டிய ஒரு கண்ணாடித் தாளை முகத்துக்கு நேரே பிடித்து, அவர் பார்க்கும் எழுத்தைப் படித்துச் சமாளிக்க அவர் மனைவிக்குப் பட்டாசு சொல்லிக் கொடுத்தாள். சொல்லிக் கொடுக்கும்போதே பல்லைக் கடித்தாள். "வார்டுல பேச வெச்சுட்டு, வாசல்ல வாயைப் பூட்டி அனுப்புறாங்க."

கருவியை வீட்டுக்கு இரவல் தரவேண்டும் என்று அவள் நிர்வாகத்திடம் போய்க் கேட்டாள். 'பார்க்கலாம்' என்றார்கள். இன்னும் போய்க் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறாள்.