ஆடு திருப்புகிற எட்னா

எட்னா ரெய்னின் ஆடுகள் என் புல்லைத் தின்றன. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தப் பள்ளத்தாக்கில் அவளைப் பற்றி வாயைத் திறக்கிறவர்கள் எல்லோரும் "பாவம், நல்ல பொம்பளை" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அவர்கள் புல்லையா தின்றது?

எங்கள் மேட்டுவெளியில் வேலி கிடையாது. கண்ணுக்கெட்டிய வரை ஹெதர் புதரும் புதைசேறும்தான். ஆனாலும் ஒவ்வொரு பண்ணை ஆட்டுக்கும் அதனதன் இடம் தெரியும். தாய் மேய்ந்த இடத்தில் குட்டி மேயும், அந்தக் குட்டி ஈன்றதும் அங்கேயே மேயும். அப்படிப் பழகிய ஆட்டை ‘ஹெஃப்ட்’ ஆன ஆடு என்போம். அதைத் தூக்கிக்கொண்டு போய் வேறெங்கோ விட்டாலும் பொழுது சாய்வதற்குள் தன் இடத்தில் வந்து நிற்கும். மனுஷரிடம் அந்த ஒழுக்கத்தை நான் பார்த்ததில்லை.

கால்நடைகளுக்குக் கோமாரி நோய் வந்த வருஷம் ரெய்ன் பண்ணை ஆடுகள் அத்தனையையும் சுட்டுவிட உத்தரவு வந்தது. அவை ஆற்றோர வயலில், நோய் கண்ட மந்தைக்குப் பக்கத்தில் நின்றன. என்னுடையவை மேலே நின்றன. அவ்வளவுதான் வித்தியாசம்.

எட்னாவின் புருஷன் ரால்ஃப் மறு வருஷம் எங்கிருந்தோ புது ஆடுகள் வாங்கி வந்தான். அவற்றுக்கு எல்லை ஏது, கில்லை ஏது? பச்சை தெரிகிற பக்கமெல்லாம் போயின. பழக்குவதற்கு ஒரே வழிதான் உண்டு. தினமும் ஒரு ஆள் சுற்றி நடந்து, தாண்டியதைத் திருப்பி விட வேண்டும். அப்படி நடந்துகொண்டிருந்த ரால்ஃப் அந்தக் குளிர்காலமே ஆற்றங்கரையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

எட்னா நகரத்துக்காரி. கல்யாணத்துக்கு முன் முடி வெட்டுகிற கடை வைத்திருந்தவள். ஆட்டுக்கு எது தலை, எது வால் என்றே தெரியாதவள் என்று பப்பில் கேலி பேசுவோம். அடக்கம் முடிந்த மறுநாள் காலை ரால்ஃபின் கோட்டை மாட்டிக்கொண்டு, அவனுடைய நாய் மெக்கையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஆற்றோரமாகவே கல் பாலம் வரை. அங்கிருந்து மேடேறி, எல்லைக் கற்களை ஒட்டி மேட்டுவெளி முழுக்க. பிறகு ஓடை வழியாக இறங்கி மறுபடியும் ஆறு, வீடு. குளிர்காலத்தில் ஒரு பகல் முழுவதையும் அது தின்றுவிடும். மழை, பனி, ஞாயிற்றுக்கிழமை, எதுவும் அவளுக்குக் கணக்கில்லை.

ஒருநாள் ஆலங்கட்டி விழுந்துகொண்டிருந்தபோது எல்லைக் கல்லருகே அவளைப் பிடித்தேன்.

"எட்னா! உன் ஆடு என் புல்ல மொட்டையடிச்சிட்டுப் போவுது. கடையில கத்துக்குடுத்தியா?"

"திருப்பிடறேன் சைலஸ்."

"நான் இவ்ளோ கத்தறேன், பதிலுக்கு ஒரு வார்த்த திட்டக் கூடாதா?"

"திட்டணும்னு தோணல."

"ரால்ஃப் போனதுக்கு அழுதியா, அதுவும் தோணலையா?"

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "பல்லு டாக்டர் ஊசி போட்டா கன்னம் மரத்துப் போவும்ல? தொட்டா நம்ம கன்னமான்னே தெரியாது. எனக்கு மொத்தமா அப்படி இருக்கு."

ஆனாலும் புல் என்னுடையதுதானே. மேய்ச்சல்காரர் கூட்டத்தில் நானே எழுந்து பேசினேன். அடுத்த இலையுதிர்காலத்துக்குள் ஆடுகள் இடம் பழகாவிட்டால் அவற்றை மேட்டிலிருந்து இறக்கிவிட வேண்டும் என்று முடிவானது. மேடு இல்லையென்றால் அந்தப் பண்ணை இல்லை. வீட்டை விற்றுவிட்டுப் போகவேண்டியதுதான். எட்னாவுக்கும் அது தெரியும். "சரி" என்றாள். மறுநாளும் நடந்தாள்.

இலையுதிர்காலத்தில் பப்புக்குப் பின்னால் ஆடு மாற்றும் நாள் வந்தது. தங்கள் மந்தையில் வந்து சேர்ந்த வேற்று ஆடுகளை ஓட்டி வந்து, சாய அடையாளம் பார்த்து அவரவருக்குக் கொடுப்போம். ரெய்ன் பண்ணைக்கு இடுப்பில் சிவப்புக் கோடு. பட்டி பட்டியாகத் தேடினேன். பச்சை இருந்தது, என் நீலமே ஒன்றிரண்டு இருந்து மானத்தை வாங்கியது. சிவப்பு ஒன்றுகூட இல்லை.

நான்தான் போய்ச் சொன்னேன். நல்ல செய்தி சொல்கிற பெருமை வேறு.

"ஜெயிச்சிட்ட எட்னா! உன் ஆடு பழகிடுச்சு. இனிமே நீ நடக்கவே வேணாம். கால நீட்டிப் படு!"

எல்லோரும் கை தட்டினார்கள். யாரோ பீர் வாங்கிக் கையில் கொடுத்தார்கள். அவள் அதைக் குடிக்காமல் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப நாளைக்கு?"

"நாளைக்கு என்ன?"

"நாளைக்குக் காலைல நான் என்ன செய்யறது?"

பப்புக்காரர் துடைத்த மேஜையையே மறுபடி துடைத்தார்.

அதற்குப் பிறகு அவள் வீட்டு ஜன்னல் திரை விலகவில்லை. மெக் வாசல் கேட்டுக்குள் உட்கார்ந்து மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. வீட்டை விற்க விசாரிக்கிறாள் என்று பேச்சு வந்தது. பண்ணையைக் காப்பாற்றியவளே விற்கிறாளாம். எனக்குச் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். ஆனால் இறங்கவில்லை.

ஒரு காலை என் ஆடுகளில் கொஞ்சத்தைப் பிரித்து, எல்லை தாண்டி, அவள் சமையலறையிலிருந்து பார்த்தால் தெரிகிற சரிவில் கொண்டுபோய் விட்டேன். திரும்பி வந்தால் எனக்கு முன்னால் அவை வந்து நிற்கின்றன! ஹெஃப்ட் ஆன ஆட்டை அடுத்தவன் புல்லில் விட்டுவிட்டு நம்பி வந்த ஒரே முட்டாள் இந்தப் பள்ளத்தாக்கில் நானாகத்தான் இருப்பேன்.

மறுநாள் ஓட்டிக்கொண்டு போய் நானும் அங்கேயே நின்றுவிட்டேன். ஆடுகள் வீட்டுக்குப் போகப் பார்க்கும், என் நாய் மடக்கும். மழை கழுத்துக்குள் இறங்கியது. வெகுநேரம் கழித்து, ஆற்றுப் பக்கமிருந்து ரால்ஃபின் கோட்டு ஏறி வருவது தெரிந்தது.

"சைலஸ், இதெல்லாம் உன் ஆடு."

"அப்படியா? வழி தப்பி வந்துடுச்சு போல."

"உன் ஆடு? வழி தப்பி?"

"வயசாவுதுல்ல அதுங்களுக்கு."

அவள் என் நாயைப் பார்த்தாள். அந்தச் சனியன் அப்போதுதான் ஓடப் பார்த்த ஓர் ஆட்டை மடக்கிக் கொண்டுவந்து அவள் காலடியில் நிறுத்தியது.

எட்னா என் பக்கம் திரும்பினாள். "இது என் புல்லு. ரால்ஃபோட புல்லு! உன் எல்லைய மிதிச்சிடக் கூடாதுன்னு நாயா அலைஞ்சேனேடா நான்! அவன் செத்த எடத்தத் தாண்டித் தாண்டிப் போனேனே, தெனமும்! வெக்கமா இல்ல உனக்கு? ஓட்டு! ஓட்டித் தொலை!"

பள்ளத்தாக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். கத்தியபடியே ஈரப் புதரில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். நான் சீட்டியடித்து நாயைக் கூப்பிட்டுக்கொண்டேன். ஆடுகள் தாமாகவே வரிசையாக வீடு போய்ச் சேர்ந்தன. நான் போகவில்லை. அவ்வளவு வசவு வாங்கியும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

வெகுநேரம் அழுதாள். பிறகு சட்டைக் கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்கும் வழி தப்புமா?" என்றாள்.

"தப்பும்" என்றேன். "ரொம்ப மோசமான ஆடுங்க."