முட்டை ஓட்டுப் பொடி

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். பத்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. நாலு பேர் படிக்கும்படி எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். என் அத்தையைப் பற்றி எங்கள் குடும்பத்தில் வேறு யாரும் வாய் திறக்கப் போவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

அத்தை என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு பழைய பவுடர் டப்பா. அதில் பவுடர் இருக்காது. உப்பைவிடக் கொஞ்சம் கரடாக, பழுப்பேறிய வெள்ளைத் தூள் ஒன்று இருக்கும். முட்டை ஓட்டைக் கழுவிக் காயவைத்து இடித்த பொடி. கண்ணாடித் தொட்டியில் இருந்த நத்தைகளுக்காக அவள் இடித்தது.

அப்பா எங்கள் ஊர்ப் பெரிய கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு லாட்ஜில் மேனேஜராக இருந்தார். எழுபதுகளின் கடைசி அது; நான் சின்னப் பெண், பள்ளிக்கூடம் இல்லாத நேரமெல்லாம் அங்கேதான் கிடப்பேன். அத்தை அப்பாவின் தங்கை. போளூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாமா அடித்ததில் இடது மணிக்கட்டு முறிந்து, கோணலாகக் கூடியிருந்தது. ஒரு நாள் கட்டிய புடவையோடு வந்துவிட்டாள். எங்கள் வீடு ஒற்றை அறை. அப்பா முதலாளியிடம் கெஞ்சி, அறைகளைப் பெருக்கித் துடைக்கும் வேலையும் மாடிப்படிக்கு அடியில் படுக்க இடமும் வாங்கிக்கொடுத்தார். அந்த இடம் போனால் அவளுக்குப் போளூர்தான். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். முதலாளிக்கும் தெரியும்.

முதலாளி மெட்ராஸ் போய் வந்த ஆசையில் முன்கூடத்தில் மீன் தொட்டி வைத்தார். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும். கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாகப் படிந்துவிடும். கண்ணாடி பளிச்சென்று இருக்கவேண்டும் என்பதற்காக, மொட்டைமாடியில் பிடித்துவைத்த மழைத்தண்ணீரை மட்டும்தான் ஊற்றவேண்டும் என்று உத்தரவு. பாசியைத் தின்று கண்ணாடியைச் சுத்தமாக வைக்க நத்தைகளும் வந்தன. "ஏரியில கெடக்கிறத காசு குடுத்து வாங்கியாந்திருக்காரு பாரு" என்று லாட்ஜின் சமையல்காரர் எங்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

கொஞ்ச நாளில் நத்தை ஓடுகள் வெளுத்தன. நுனியில் சின்னச் சின்னக் குழிகள் விழுந்தன. தொட்டி வைத்த ஆள் மோட்டாரைப் பார்க்க வந்தபோது எல்லோர் முன்னாலும்தான் சொன்னான்: "மழைத்தண்ணில சத்து கம்மி சார். ஓடு கரையுது. முட்டை ஓட்டைப் பொடி பண்ணிப் போடுங்க, சரியாயிடும்."

முதலாளி காதைப் பொத்திக்கொண்டார். "என்னய்யா பேசற! கோபுரத்தப் பாத்துக்கினு இருக்கிற எடம். வெங்காயமே வேணாம்னு சொல்றவங்க வந்து தங்கறாங்க. முட்டைங்கற பேச்சே இங்க கூடாது."

அதோடு எல்லோரும் மறந்துவிட்டார்கள். அத்தை மறக்கவில்லை. காலையில் கூடத்தைத் துடைக்கும்போது தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். "ஓடு போச்சுன்னா இதுங்க எங்கடி போய் ஒண்டிக்கும்?" என்று என்னிடம் கேட்பாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் பாய் ஒருவர் டீக்கடை வைத்திருந்தார். அவித்த முட்டையும் விற்பார். அவரிடம் கேட்டு ஓடுகளைப் பொட்டலம் கட்டி வாங்கி வந்தாள். மொட்டைமாடியில், உடைந்த கூரை ஓடு ஒன்றின் மேல் வைத்துக் கூழாங்கல்லால் நுணுக்கினாள். சமையலறை அம்மியின் பக்கமே அவள் போகவில்லை. கோணல் கையால் டப்பாவைப் பிடித்துக்கொண்டு வலது கையால் அவள் தூளை அள்ளிப் போடுவதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஒரு முறை அப்பாவும் மாடிக்கு வந்து பார்த்தார். "யார் கண்லயும் படாம பண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

வேகவைத்த கீரையில் அந்தப் பொடியைப் பிசைந்து சுண்டைக்காய் அளவு உருட்டிப் போடுவாள். நத்தைகள் கண்ணாடியை விட்டு மெதுவாக இறங்கி வரும். கொஞ்ச நாளில் ஓட்டின் வாயோரம் புதிதாக, வழவழவென்று ஒரு விளிம்பு வளர ஆரம்பித்தது. பழைய குழிகள் அப்படியேதான் இருந்தன. வளர்ந்தது மட்டும் கெட்டியாக இருந்தது. "பாத்தியாடி!" என்று அத்தை என் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவள் அப்படிச் சிரித்து நான் வேறெப்போதும் பார்த்ததில்லை.

சமையல்காரர் ஒரு நாள் டப்பாவைப் பார்த்துவிட்டார். "என்னாம்மா அது, கோலமாவா? மீனு கோலம் போடுதா?" என்று கேலியாகத்தான் கேட்டார். அத்தைக்குப் பொய் சொல்ல வராது. சொல்லிவிட்டாள். அவர் அடுப்பை அணைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்து கத்தினார்: "என் அம்மியில முட்டை ஓடு அரைச்சிருக்கா! இனிமே நான் இங்க கரண்டி புடிக்க மாட்டேன்!"

முதலாளி அப்பாவைக் கூப்பிட்டார். "உன் தங்கச்சி எங்கய்யா அரைச்சா? நீ சொல்லு, நான் நம்பறேன்."

இன்றைக்கும் அந்த வார்த்தைதான் என்னை அறுக்கிறது. நம்பறேன் என்று அந்த மனிதர் சொன்னார். அப்பா மேஜையைப் பார்த்துக்கொண்டு, "எனக்குத் தெரியாதுங்க" என்றார். "மாடிலதாம்பா, நீயும் பாத்தியே" என்றேன் நான். முடிப்பதற்குள் கன்னத்தில் அப்பாவின் அறை விழுந்தது. பெரியவர்கள் பேசும் இடத்தில் அதற்குப் பிறகு நான் வாய் திறந்ததில்லை.

அத்தை யாரையும் திட்டவில்லை. "அண்ணா, நீ பாத்த இல்ல?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அப்பா மேஜையிலிருந்த பதிவு நோட்டைப் புரட்டினார். அன்று மாலையே அவளைப் போளூர் பஸ்ஸில் ஏற்றி, கூடவே போய், மாமா வீட்டு வாசலில் விட்டுவிட்டு வந்தார். தம் வேலை தங்கியது என்று அம்மாவிடம் சொன்னார்.

அத்தை அங்கேயேதான் இருந்து செத்தாள். நடுவில் என் கல்யாணத்துக்கு ஒருமுறை வந்தாள். அப்பா நீட்டிய புடவையை வாங்காமல் என் கன்னத்தை மட்டும் தடவிவிட்டுப் போனாள். அவளுடைய இன்னொரு கையும் அப்போது சரியாக மடங்கவில்லை. அப்பா கடைசிவரை நல்ல மனிதர் என்று பேர் வாங்கினார். அவர் காரியத்துக்கு லாட்ஜே திரண்டு வந்தது. இப்போது வேங்கிக்காலில் என் மகன் வீட்டுக்குப் பக்கத்தில் மீன் கடை இருக்கிறது. நத்தைக்கென்றே வெள்ளைக் கட்டிகளை அட்டையில் தொங்கவிட்டு விற்கிறார்கள். யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. நான் அந்தப் பக்கம் போகும்போது எதிர்ச் சாரிக்கு மாறிவிடுகிறேன்.

அத்தையைப் போளூரில் விட்டுவந்த மறுநாள், சத்துக்குச் சத்தும் ஆச்சு, சைவமும் ஆச்சு என்று சொல்லி, முதலாளி வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துத் தொட்டியில் ஊற்றச் சொன்னார். அப்பாதான் ஊற்றினார். தண்ணீர் பால் மாதிரி வெளுத்தது. பொழுது சாய்வதற்குள் மீன்களும் நத்தைகளும் எல்லாம் செத்துவிட்டன.