சாமுண்டி மலையும் மலைதான்

என் கணவருக்கு ஸ்கூபா டைவிங் என்றால் உயிர். போன வருடம் விழித்திரை விலகி அவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. கண்ணுக்குள் வாயுக்குமிழி வைத்திருந்தார்கள். "அது கரையுற வரைக்கும் விமானம், மலை, கடல் எதுவும் கூடாது" என்றார் டாக்டர். எனக்குக் கடல்தான் பயம். அவருடைய டைவிங் சாமான்களை பீரோவில் பூட்டி, சாவியை ஒளித்து வைத்தேன்.

கட்டுப் பிரித்ததும், அம்மனுக்கு வேண்டிக்கொண்டதை முடிக்க சாமுண்டி மலைக்கு நானே காரில் அழைத்துப் போனேன். பாதி ஏற்றத்தில் அவர் கண்ணைப் பொத்திக்கொண்டார். "வண்டியத் திருப்பும்மா, கண்ணு பிதுங்குற மாதிரி வலிக்குது." வண்டியைத் திருப்பிக் கீழே இறக்கி, நேராக டாக்டரிடம் ஓடினேன்.

"மலை கூடாதுன்னு சொன்னேனேம்மா! உயரத்துக்குப் போனா குமிழி விரியும். உடனே இறங்கினதால தப்பிச்சார்."

"மலைன்னா ஊட்டி, மடிக்கேரின்னு நினைச்சேன் டாக்டர். இது நம்ம சாமுண்டி பெட்ட தானே?"

பெட்ட என்றாலே கன்னடத்தில் மலைதான். ஆனால் எங்கள் மைசூர்க்காரர்களுக்கு அது கோயில். மலை என்று யாருக்குத் தோன்றும்?

இப்போதெல்லாம் டாக்டர் எதைக் கூடாது என்றாலும், நாங்கள் போகிற இடங்களையெல்லாம் பெயர் சொல்லிக் கேட்டுவிடுகிறேன்.

குமிழி கரைந்து, டாக்டர் சம்மதித்த பிறகு சாவியை நானே எடுத்துக் கொடுத்தேன். அவர் கடலுக்குள் போய்த் தலை தூக்கும்வரை படகில் எனக்கு மூச்சே இல்லை. "மீனெல்லாம் பளிச்சுன்னு தெரிஞ்சுது" என்றார் குழந்தை மாதிரி.

ஊர் திரும்பியதும் மலை ஏறினோம். அவர் அம்மனையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.