எந்த மணியில் குறை கண்டீர்கள்?

நெல் தரகில் குறை சொல்கிறவர் அந்தக் குறையைக் கண்முன்னே எடுத்துக் காட்ட வேண்டும்; நீங்கள் காட்டவில்லை ஐயா. தரம் பார்க்கும் பரீட்சையில் என் தாளைத் திருத்தி, ‘தேர்ச்சி இல்லை’ என்று எறிந்துவிட்டுப் போய்விட்டீர்கள். உங்கள் பெயர் தெரியாது, முகம் தெரியாது. தெரிந்திருந்தால் வாசலில் வந்து நின்றிருப்பேன். உங்களுக்குத்தான் எழுதுகிறேன், ஆனால் வாசிக்கப் போவது என்னைப் போலவே எழுதி, தோற்று, ஏன் தோற்றோம் என்று தெரியாமல் விழிக்கிறவர்கள். வாருங்கள், நம் கதையைப் பேசுவோம்.

காட்டிவிட்டுக் குறைப்பது

புதுவயல் அரிசி ஆலைக்கு நான் களத்தில் நெல் துழாவ வந்தவள். காலால் துழாவிக்கொண்டே, விலை பேசுகிறவர்களின் வாயைப் பார்த்துப் பார்த்துத் தரகு கற்றேன். நெல் அவிக்கிற ஆவி காலையில் களத்தின் மேல் படர்ந்தால் ஆளே தெரியாது, குரல்கள் மட்டும் மிதந்து வரும். அந்த வெள்ளைக்குள் நின்றுதான் ஒருநாள், கண்டரமாணிக்கத்திலிருந்து நெல் கொண்டுவந்த பெரியவரிடம், “ஈரம் இருக்குய்யா, விலை கொறையும்” என்றேன்.

அவர் சண்டைக்கு வரவில்லை. கையை மட்டும் நீட்டினார். ஒரு பிடி நெல்லை அதில் போட்டு, சிலதை உரித்து நசுக்கிக் காட்டினேன். பார்த்தார், தலையாட்டினார். வண்டி ஏறும்போது சொன்னார்: “கொறச்சது வருத்தந்தான் தாயி. ஆனா காட்டிட்டுக் கொறச்ச பாரு, வீட்டுக்குப் போனா தூக்கம் வரும்.”

கப்பல் ஏறாத கண்

எங்கள் ஆலை முதலாளி காரைக்குடிக்காரர். அவரைப் பெற்ற அப்பச்சி உள்ளூருக்கு அரைத்தார். இவர் கடல்தாண்டி அரிசி அனுப்புகிறார். தரம் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற வேலை என்னுடையது. அங்கே வாங்குகிறவர்கள், கையெழுத்துப் போட்டவர் தரம் பார்க்கும் பரீட்சையில் தேறியவர்தானா என்று கேட்க ஆரம்பித்தார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், மிகவும் மெதுவாகத்தான் சொன்னார்: “உங்க கண்ணு மேல எனக்குச் சந்தேகமே இல்ல. அதைக் கப்பல்ல ஏத்தி அனுப்ப முடியுமா? அடுத்த அறுப்புக்குள்ள சர்டிபிகேட் வாங்கிருங்க, இல்லேன்னா வேற ஆளைத்தான் வைக்கணும்.”

தின்ற கேள்வி

பரீட்சையில் பாதி கம்ப்யூட்டரில், பாதி செய்முறை. செய்முறை நடந்தது ஏசி அறையில். ஜன்னலில் நீலத் திரை. தண்ணீருக்கடியில் நடப்பதுபோல எல்லோரும் சத்தமில்லாமல் நடந்தார்கள். எனக்கும் உடம்பு லேசாகி மிதந்தது. முதல் தட்டில் நெல், பக்கத்தில் ஈரம் அளக்கிற கருவி. என் கை என்னைக் கேட்கவில்லை. நெல்லை எடுத்து வாயில் போட்டுக் கடித்துவிட்டேன். காய்ந்தது டக்கென்று உடையும், ஈரமானது நசுங்கும். களத்தில் பல்தான் முதல் கருவி. பிறகு கருவியிலும் அளந்து எழுதினேன். தேர்வு நடத்த நின்றவர் (திருத்துகிற நீங்கள் வேறு ஆளாம்) என் வாயையே பார்த்தார். தாளை இடது கையால் மறைத்துக்கொண்டு ஏதோ குறித்தார். அப்புறம் கேட்டார்: “அம்மா, அது கேள்வி. கேள்வியை யாராவது தின்பாங்களா?”

இறங்கி இறங்கிப் பேசியது

வந்த முடிவில் ‘தேர்ச்சி இல்லை’ மட்டும்தான், மதிப்பெண்ணே இல்லை. உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். காத்திருக்கச் சொல்லி வெகுநேரம் வீணை வாசித்தார்கள். காதில் வைத்தபடியே பாதி உறங்கிவிட்டேன். ஒரு பெண் குரல் வந்ததும் எழுந்து உட்கார்ந்தேன்.

பேரம் என் தொழில். மேலேயிருந்து ஆரம்பித்தேன். “விடைத்தாளைக் காட்டுங்க.” முடியாதாம். “தாள் வேணாம், மார்க்கைச் சொல்லுங்க.” அதுவும் முடியாதாம். “மார்க்கும் வேணாம். கம்ப்யூட்டர்லயா, செய்முறையிலயா?” அதற்கும் வழியில்லையாம். “சரி தாயி, நெல்லைக் கடிச்சதுக்கா? ஆமான்னா இருமு, நான் புரிஞ்சுக்கிறேன்.” இருமவில்லை. கத்தித் தீர்த்துவிட்டேன், களத்துப் புறாவெல்லாம் பறந்தன. நான் மூச்சு வாங்கும்வரை காத்திருந்து அந்தப் பெண் சொன்னது இது: “மேடம், உங்க மார்க் என் ஸ்கிரீன்லயும் வராது. உங்களுக்குத் தெரிஞ்சதுதான் எனக்கும் தெரியும்.”

சாக்கின் மேல் ஒரு மத்தியானம்

அன்று முதல் மத்தியானத் தூக்கத்தில் ஒரே கனவு. களம் முழுக்க நெல்லுக்குப் பதில் எண்கள் காய்கின்றன. காலால் துழாவுகிறேன், இதமாகச் சுடுகிறது. இதில் என்னுடையது எது? முகமில்லாத ஒருவர் சல்லடையில் அள்ளிச் சலிக்கிறார். ஓடிப்போய்க் கீழே கையேந்துகிறேன். விழுவது எல்லாம் ஆவியாகி விரலிடுக்கில் போகிறது. ஒரே ஒரு எண் கொடுங்கள் என்கிறேன், எந்த எண்ணானாலும் சரி. ஒருநாள் கண்விழித்தால், லோடு ஏற்ற வந்த லாரி டிரைவர் நின்றுகொண்டிருக்கிறார்: “தூக்கத்துல யார்கிட்டக்கா அம்புட்டுக் கெஞ்சுனீக? வெலை பேசையில ஒருநாளும் நீக கெஞ்சுனதில்லையே!”

தேறியவன் முகம்

என்னோடு எழுதிய அமராவதிபுதூர் சேகர் தேறிவிட்டான். பக்கத்து ஆலையில் இப்போது அவன்தான் கையெழுத்து. வயிற்றெரிச்சலை மறைப்பானேன், நான்கு வார்த்தை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்கலாம் என்றுதான் போனேன். பையன் டீயைக் கையில் வைத்தபடி ஆறவிட்டு உட்கார்ந்திருந்தான். “எப்புடிடா தேறுன?” என்றேன். வெளியே உமி காற்றில் பறந்து பொன்னாக இறங்கிக்கொண்டிருந்தது, அதையே பார்த்துக்கொண்டு சொன்னான்: “அதான்க்கா எனக்கும் தெரியல. எது சரி, எதுல கோட்டை விட்டேன்னு ஒருத்தரும் சொல்லல. ஒவ்வொரு லோடையும் மூணு தடவ அளந்து பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடுறேன்.”

சண்டை போட வந்தவள், அவன் டீயைச் சுடவைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அறுப்பு நெருங்குகிறது ஐயா. நான் நிஜமாகவே தோற்றிருக்கலாம், கருவியைத் தப்பாகப் படித்திருக்கலாம், பல்லும் பொய் சொல்லியிருக்கலாம். தேர்ச்சியைக் கேட்கவில்லை, அதில் மட்டும் நான் பேரம் பேசமாட்டேன். என் தாளை என் முன்னால் விரித்து ‘இதுதான் குறை’ என்று ஒருமுறை தொட்டுக் காட்டுங்கள், அப்புறம் நானே என்னை ஃபெயில் போட்டுக்கொள்கிறேன்.