டெஸ்ஸி வாங்கிய துப்பாக்கி

டெஸ்ஸி எனக்குத் தங்கை முறை. என் அம்மாவும் அவள் அம்மா நெவாவும் கூடப்பிறந்தவர்கள். நெவா சித்திக்குப் பிறந்ததெல்லாம் பெண்கள். அதில் வாய் திறக்காதவள் டெஸ்ஸி. அவளை லாரல் ஓடைக்கு மேலே இருக்கிற ஸ்டிடம் குடும்பத்தில் ஆர்விலுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். கென்டக்கி மலையில் எங்கள் பக்கத்து ஆம்பளைகள் எல்லோரையும் போல அவனும் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனான். கரித்தூள் நெஞ்சில் அடைத்து, கடைசி வருஷம் முழுக்க நாற்காலியிலேயே உட்கார்ந்தபடி தூங்கினான். அவனுக்கும் டெஸ்ஸிக்கும் ஒரே பிள்ளை, ராய்ஸ்.

ராய்ஸ் கெட்ட பிள்ளையாகப் பிறக்கவில்லை. மரம் அறுக்கிற வேலையில் முதுகில் அடிபட்டது. டாக்டர் வலி மாத்திரை கொடுத்தார். முதுகு ஆறியது, மாத்திரை நிற்கவில்லை. எங்கள் ஓடைக்கரை ஊரில் எந்த வீட்டில் கேட்டாலும் இப்படி ஒரு கதை இருக்கும், பெயர்தான் வேறு.

சாவு வீட்டைப் பூட்டிவிட்டுப் போவது எங்களுக்கு வழக்கமில்லை. எல்லோரும் அடக்கத்துக்குப் போகும்போது உறவில் ஒருத்தர் வீட்டிலேயே இருந்துகொள்வார். ஊரார் கொண்டுவந்து மேஜையில் குவிக்கிற சாப்பாட்டை நாய் வாய் வைக்காமல் பார்ப்பதற்குத்தான் முன்பெல்லாம் அந்தக் காவல். இப்போது மாத்திரைக்காக. செத்தவர் நோயில் கிடந்திருந்தால் வீட்டில் மருந்து மிச்சம் இருக்கும். அது திருடனுக்குத் தெரியும்.

ஆர்வில் அடக்கத்தன்று காவல் இருந்தவள் அவன் தங்கை லாட்டி. டெஸ்ஸிக்கு நாத்தனார். நாங்கள் கல்லறையிலிருந்து திரும்பி வந்தால், லாட்டி சமையலறைப் படிக்குக் கீழே இடுப்பு எலும்பு முறிந்து கிடக்கிறாள். ஆர்விலின் மருந்துப் பெட்டி போயிருந்தது.

"யாருடீ?" என்று கேட்டேன்.

"மூஞ்சில துணி கட்டியிருந்தான்" என்றாள் லாட்டி. சொல்லும்போது டெஸ்ஸியைப் பார்க்கவில்லை.

வாசலில் கட்டியிருந்த நாய் அன்னியன் வந்தால் ஓடை அதிரக் குரைக்கும். அன்றைக்கு அது குரைத்ததாக அக்கம்பக்கத்தில் ஒருத்தரும் கேட்கவில்லை. அடக்கத்தில் சவப்பெட்டி தூக்க வேண்டிய ராய்ஸும் அங்கே வரவில்லை. எல்லோருக்கும் தெரிந்தது. யாரும் சொல்லவில்லை. டெஸ்ஸியும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வாரம் என்னிடம் வந்து, "அக்கா, நான் துப்பாக்கி சுடக் கத்துக்கப் போறேன்" என்றாள்.

எங்கள் பக்கத்தில் துப்பாக்கி இல்லாத வீடு கிடையாது. ஆனால் டெஸ்ஸி தொட்டதில்லை. ஆர்விலின் பழைய துப்பாக்கிகளையெல்லாம் ராய்ஸ் ஏற்கெனவே ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் விற்றுவிட்டான்.

முதலில் அவள் கொழுந்தன் கார்லிஸ் வந்தான். டெஸ்ஸி வீட்டுக்குப் பக்கத்திலேயே அவன் வீடு. தோளில் பன்னிரண்டு போர் என்கிற பெரிய இரட்டைக்குழல் துப்பாக்கி.

"இதை வச்சுக்குங்க அண்ணி. எங்க தாத்தா கரடி அடிச்சது."

"என் வீட்டுக்குக் கரடி வராது, கார்லிஸ்."

"சும்மா ஒரு தடவை சுட்டுப் பாருங்க."

சுட்டாள். வேலிமேல் வைத்த டப்பா அப்படியே நின்றது. டெஸ்ஸிதான் பின்னால் பீன்ஸ் பாத்தியில் போய் உட்கார்ந்தாள். தோள்பட்டை கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப் போயிற்று. கார்லிஸ் சிரிப்பை அடக்க வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்புறம் டவுனில் துப்பாக்கிக் கடைக்குப் போனோம். கடைக்காரன் இள ஆள், தலையில் எண்ணெய் வழிய வாரியிருந்தான். ரோஸ் நிறத்தில் உள்ளங்கை அளவு பிஸ்டல் ஒன்றை எடுத்து வைத்தான்.

"பொம்பளைங்க எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க. கைப்பையிலயே போட்டுக்கலாம்."

"என் கைப்பையில பல்செட்டுக்கே இடமில்ல தம்பி" என்றாள் டெஸ்ஸி.

மேக்ஸினிடம் போகச் சொன்னது நான்தான். மாவட்டப் போலீஸான ஷெரிப் ஆபீசில் ரொம்ப காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எங்களுக்கு உறவில்லை, ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்காரி. நிலக்கரிக்காக உச்சியை வெட்டித் தட்டையாக்கிய மலைமேட்டில் பெண்களுக்குச் சுடக் கற்றுக்கொடுத்தாள். புகையிலை மெல்லுவாள், கெட்ட வார்த்தை சொல்லுவாள், பொய் மட்டும் சொல்ல மாட்டாள்.

அவள் துப்பாக்கியை எடுக்கவே இல்லை முதலில். டெஸ்ஸி வீட்டுக்கு வந்து சுவரைத் தட்டிப் பார்த்தாள்.

"இது பலகைச் சுவர். அந்தப் பக்கம் யாரு தூங்கறா?"

"கார்லிஸ் வீடு. அவன் பேத்தி கட்டில் அந்த ஜன்னல்கிட்ட."

"அப்ப ரைபிள் கூடாது. கைத்துப்பாக்கியும் வேணாம், அதுல குறி தப்பும். நீங்க விட்ட தோட்டா திருடனைத் தாண்டி, பலகையைத் தாண்டி, அந்தக் குழந்தைகிட்டப் போயி நிக்கும். இருபது போர் வாங்குங்க, பன்னிரண்டைவிடக் குழல் சின்னது. தோள்ல வைக்கிற கட்டையைக் கொஞ்சம் அறுத்துச் சின்னதாக்கித் தர்றேன். உதை கம்மி. சின்னக் குண்டு போட்டுக்கலாம். அதுவும் சுவத்தைத் தாண்டாதுன்னு நெனச்சுக்காதீங்க, மத்ததுக்கு இது பரவால்ல, அவ்வளவுதான். எந்தப் பக்கம் நின்னு சுட்டா பின்னால ஆள் இல்லன்னு இப்பவே பாத்து வச்சுக்கணும்."

அப்படித்தான் அந்த இருபது போர் வந்தது. குழலைத் தரையைப் பார்க்கப் பிடிப்பது, சுடத் தீர்மானிக்கிற வரைக்கும் விரலை விசைக்கு வெளியே வைத்திருப்பது, காலியாக இருக்கிறது என்று யார் சொன்னாலும் நம்பாமல் திறந்து பார்ப்பது, இதெல்லாம் டெஸ்ஸிக்குச் சீக்கிரம் படிந்துவிட்டது. டப்பாக்கள் பறந்தன. கார்லிஸுக்கே வாய் பிளந்துவிட்டது.

ஆள் உருவம் வரைந்த காகிதத்தை மாட்டியதும்தான் சிக்கல். எத்தனை முறை சுட்டாலும் முழங்காலுக்குக் கீழேதான் ஓட்டை.

மேக்ஸின் புகையிலையைத் துப்பினாள். "டெஸ்ஸியக்கா, டப்பாவோட நெத்தியில அடிக்கறீங்க. ஆளுக்கு ஏன் காலு?"

"கால்ல அடிச்சா போதாதா? விழுந்துருவான்ல?"

"போதாது. ஓடற கால்ல யாராலயும் குறி வைக்க முடியாது. பட்டாலும் தொடையில ரத்தக்குழாய் அறுந்து சாவான். பயம் காட்டறதுக்கு இது சாமான் இல்ல. எதை அழிக்க மனசு ஒப்பலயோ அதைப் பாத்துக் குழலை நீட்டாதீங்க. அவ்வளவுதான் பாடமே."

டெஸ்ஸி குழலைத் திறந்து காலித் தோட்டாவை எடுத்தாள்.

"அந்தக் காகிதத்துல யார் மூஞ்சி தெரியுது உங்களுக்கு?"

"வெயில் கண்ணைக் கூசுது" என்றாள் டெஸ்ஸி.

மேக்ஸின் காகிதத்தைக் கழற்றிச் சுருட்டினாள். அப்புறம் குரலை இறக்கிச் சொன்னாள். "சுட முடியாதுன்னு தெரிஞ்சா இதை வித்துட்டுக் கதவுக்கு நல்ல பூட்டு வாங்குங்க. வெக்கமே இல்ல அதுல. ஆனா கையில எடுத்துட்டா, எறக்கி மட்டும் வைக்காதீங்க."

"வர்றது சொந்தக்காரனா இருந்தா?"

"யாரா இருந்தாலும்."

இது எங்களுக்குப் புரியாத பேச்சு. எங்கள் மலையில் ஒரு மரியாதை உண்டு. காலடிச் சத்தம் கேட்டுத் துப்பாக்கியோடு கதவைத் திறக்கலாம், தப்பில்லை. ஆனால் வந்தவன் உறவு என்று தெரிந்ததும் அதைக் கதவுக்குப் பின்னால் சாய்த்துவிட்டுத்தான் 'உள்ளே வா' என்று சொல்ல வேண்டும். கையில் பிடித்துக்கொண்டே பேசினால் அவன் ரத்த உறவையே இல்லை என்று சொன்னதாகும். அதற்காகவே பேச்சு நின்றுபோன குடும்பங்களை எனக்குத் தெரியும். என் அம்மா வழியிலேயே ஒன்று உண்டு.

டெஸ்ஸி துப்பாக்கியை விற்கவில்லை. ராய்ஸ் எங்கே இருக்கிறான் என்று யாரிடமும் கேட்கவுமில்லை. கார்லிஸ் ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது மெல்ல ஆரம்பித்தான். "அண்ணி, யாருக்காக இவ்வளவு கஷ்டப்பட்டுக் கத்துக்கறீங்க? ஒருவேளை வர்றது..."

"பீன்ஸ் ஆறுது. சாப்பிடு."

இலை உதிர்கிற சமயத்தில் டெஸ்ஸிக்கு மறுபக்கத்து வீட்டு ஓரா கிழவி புற்றுநோயில் போய்ச் சேர்ந்தாள். லாட்டிக்கு நடந்ததற்கு அப்புறம் காவல் இருக்க ஒருத்தரும் முன்வரவில்லை. ஓராவின் மகள்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நான் இருக்கேன். நீங்க போய் உங்க அம்மாவ நல்லபடியா அடக்கம் பண்ணுங்க" என்றாள் டெஸ்ஸி. எல்லோர் கண்ணும் அவள் தோளில் இருந்த இருபது போர் மேல் போயிற்று. மறுத்துப் பேச ஆளில்லை.

அதற்கு அப்புறம் அந்தச் சமையலறையில் நடந்தது அவள் என்னிடம் சொன்னது.

கார்கள் போய் ஓடை அமைதியானதும் பின்கதவு திறந்தது. டெஸ்ஸி எழுந்து நின்று குழலை நீட்டினாள். சொல்லிக் கொடுத்தபடி, வருகிறவனுக்குப் பின்னால் வெறும் மலைச்சரிவு இருக்கிற மாதிரிதான் நின்றிருந்தாள். விரல் விசைக்கு வெளியே. எல்லாம் சரியாக இருந்தது.

ராய்ஸ் நின்றான். துணி கட்டவில்லை. கன்னம் ஒட்டி, பாதி உடம்பாக இருந்தான். அவன் அப்பாவின் சட்டையைப் போட்டிருந்தான்.

"அம்மா. நீயா இருக்கே?"

"நான்தான்."

"சுடப் போறியா?"

குழல் அவனைப் பார்த்தபடியே இருந்தது.

"சுடறதுன்னா சுடு. ஆனா எனக்குப் பசிக்குதும்மா. எப்ப சாப்பிட்டேன்னே தெரியல."

மேஜை முழுக்கச் சாவுச் சாப்பாடு. பன்றித் தொடைக்கறி, பீன்ஸ், மக்காச்சோள ரொட்டி, ஆப்பிள் பணியாரம். பெற்றவள் பசி என்ற சொல்லைக் கேட்டால் என்ன செய்வாள்? அதுவும் துப்பாக்கியைக் கையில் பிடித்துக்கொண்டா செய்வாள்? தன் அப்பா செய்ததை, தன் தாத்தா செய்ததை அவள் கை தானாகவே செய்தது. இருபது போரைக் கதவுக்குப் பின்னால் சாய்த்தாள். "உக்காரு" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுக்கத் திரும்பினாள்.

அவன் உட்கார்ந்து சாப்பிட்டான். கறியைக் கையாலேயே பிய்த்துத் தின்றான். அவள் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக் கொடுத்தாள். சின்னப் பிள்ளையில் கேட்பது போல, "ஓரம் வேணாம்மா" என்றானாம்.

பிறகு எழுந்து கையைத் துடைத்தான், ஓராவின் அறைக்குப் போய் மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டான். வரும்போது கதவுக்குப் பின்னால் கையை விட்டான்.

"அதை வை ராய்ஸ். அதுல தோட்டா இருக்கு."

"நல்ல சாமான்மா இது. நல்ல வெல போகும்."

"லாட்டி அத்தைய நீதான் தள்ளினியா?"

"அவ வழிய விடல" என்றான். போய்விட்டான்.

மலைமேல் நாங்கள் குழியைச் சுற்றி நின்று பாடிக்கொண்டிருந்தோம். டெஸ்ஸி சரிவில் ஏறி வருவதை நான்தான் முதலில் பார்த்தேன். அவளுக்கு மூச்சு வாங்கியது. நேராகக் கூட்டத்துக்கு நடுவில் வந்தாள். பாட்டு நின்றுவிட்டது.

"அண்ணி, வீட்ட விட்டுட்டு ஏன்..." என்று கார்லிஸ் கிட்டே போனான்.

"எல்லாரும் கேளுங்க" என்றாள் டெஸ்ஸி. அவள் இவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. "என் மகன் ராய்ஸ் வந்தான். ஓராவோட மருந்தையும் என் துப்பாக்கியையும் எடுத்துட்டுப் போயிட்டான். அதுல தோட்டா போட்டிருக்கு. லாட்டி எலும்பை ஒடைச்சதும் அவன்தான். அன்னைக்கே எனக்குத் தெரியும். உங்க புள்ளைங்கள வெளிய விடாதீங்க. அவன் உங்க வீட்டுக்கு வந்தா, என் புள்ளன்னு பாத்துக் கதவத் தொறக்காதீங்க."

கார்லிஸ் அவள் கையைப் பிடித்தான். "இப்பவா அண்ணி? இங்கயா? நம்ம வீட்டு விஷயத்த..."

"கைய விடு."

ஊர்வலத்துக்கு முன்னால் வண்டி ஓட்டி வந்த ஷெரிப் ஆபீஸ்காரர் வேலியோரம் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றிருந்தார். டெஸ்ஸி அவரிடம் போனாள். பெற்ற பிள்ளையின் பெயரையும் அவன் போயிருக்கக்கூடிய இடங்களையும் அவள் வாயாலேயே சொன்னாள். எங்கள் ஓடையில் யாரும் செய்யாத காரியம் அது. எங்கள் பிள்ளைகளை நாங்கள் அடிப்போம், துரத்துவோம், காட்டிக் கொடுக்க மாட்டோம். ஸ்டிடம் கூட்டம் மொத்தமும் அவளுக்கு முதுகைக் காட்டி நின்றது. ஓராவின் பெரிய மகள் மட்டும் வந்து அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

ராய்ஸை டவுனில் பிடித்தார்கள். துப்பாக்கி அவனிடம் இல்லை. ஜெயிலுக்கு டெஸ்ஸியை நான்தான் கூட்டிப்போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் இவள், நடுவில் ஒரு போன்.

"துப்பாக்கிய யார்கிட்டக் குடுத்தே?"

"பேர் தெரியாது. மாத்திரைக்கு மாத்தினேன்."

"தோட்டாவ எடுத்துட்டுக் குடுத்தியா?"

"பாக்கல."

"நெனச்சுப் பாரு ராய்ஸ். அந்த ஆள் எப்படி இருந்தான்?"

அவன் சிரித்தான். "நீ சுட மாட்டேன்னு எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். அப்புறம் எதுக்கும்மா அதை வாங்கினே?"

போனை மாட்டிவிட்டு எழுந்து போனான். இவள் பார்க்கக் கொடுத்த நேரம் முடிகிற வரைக்கும் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்த இருபது போர் இன்றுவரை கிடைக்கவில்லை. டெஸ்ஸி வேறு வாங்கவில்லை. எங்கள் ஊர் வானொலியில் காலையில் செத்தவர்கள் பெயரை வாசிப்பார்கள். அது முடிகிற வரைக்கும் அவள் அடுப்புப் பக்கம் போக மாட்டாள். கிழவர்கள், நோயாளிகள் என்றால் தலையை ஆட்டிக்கொள்வாள். போன வாரம் நான் அங்கே இருந்தபோது பக்கத்து மாவட்டத்தில் ஒரு பையன் பெயரை வாசித்தார்கள். வயசு சின்னது, எதனால் என்று சொல்லவில்லை. டெஸ்ஸி அடக்கம் செய்கிற கம்பெனிக்கு போன் போட்டாள்.

"சொந்தமில்லைங்க. சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். எப்படிப் போனான் அந்தப் பையன்? துப்பாக்கியாலயா?"

கேட்டுக்கொண்டே நின்றாள். காலைச் சாப்பாட்டுக்கு எடுத்த முட்டை கையிலேயே இருந்தது.

"மரம் விழுந்துருச்சாம், அக்கா" என்றாள் போனை வைத்துவிட்டு. முகத்தில் வந்த நிம்மதியை நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும், அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டு முட்டையை உடைத்து ஊற்றினாள்.