கண்மாய்க்கரையில் சைக்கிள்

பங்குனி மாதத்து ராஜபாளையத்துக் காலையைப் புகழ்ந்து பேசுபவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். வேம்பு பூத்திருக்கும், புங்கமரம் புதுத் தளிர் விட்டிருக்கும், மேற்கே மலை கழுவிவிட்டதுபோலத் தெரியும். எல்லாம் உண்மைதான். ஆனால் அவர்கள் யாரும் எங்கள் தெருவுக்குப் பின்னாலிருந்த கண்மாய்க்கரையில் நின்று அந்தக் காற்றை மூக்கில் இழுத்ததில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் கல்லூரியில் தாவரவியல் இரண்டாம் ஆண்டு. எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு. வகுப்புத் தோழிகள் நாலு பேர், பங்குனி உத்திர விடுமுறையில் ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகச் செண்பகத்தோப்புக்கு சைக்கிளில் போய் ஓடையில் குளித்துவிட்டு வரலாம் என்று திட்டம் போட்டார்கள்.

"ஒனக்கு ஓட்டத் தெரியுமாட்டி?" என்று ஒருத்தி கேட்டாள்.

அவள் கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. "ஏன், தெரியாம என்ன?" என்றேன். அதுவரை ஹேண்டில்பாரைத் தொட்டதுகூட இல்லை. இன்னும் பதினைந்து நாள்தான் இருந்தது.

வாடகை சைக்கிள் கடை பாய் இரக்கப்பட்டு, "விடியக்காலைல எடுத்துக்கோம்மா, பள்ளிக்கூடப் பிள்ளைக வாரதுக்குள்ள கொண்டாந்துரு" என்று ஒரு லேடீஸ் சைக்கிளைக் கொடுத்தார். தெருவில் பழகினால் ஊரே வேடிக்கை பார்க்கும். நேராக, அகலமாக, கெட்டியான மண்ணாக இருந்தது கண்மாய்க்கரை மட்டும்தான்.

அந்தக் கரைதான் எங்கள் பகுதிக்கே கக்கூஸ். நானும் பிறந்ததிலிருந்து அங்கே போனவள்தான். கரையின் மேலேயே, பாதை ஓரமாக, ஆண்கள் பீடி பிடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசியபடி வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். சரிவில் வேலிக்கருவை மறைவில் பெண்கள். சட்டம் இதுதான்: ஆள் வரும் சத்தம் கேட்டால் பெண்கள் எழுந்து நிற்க வேண்டும். பாதியில் எழுந்து, சேலையைத் தலைக்கு மேல் இழுத்து விட்டு, வந்தவன் கடந்து போகும்வரை நிற்க வேண்டும். ஆண்கள் யாருக்காகவும் எழுந்திருப்பதில்லை. பெண் வந்தால், வந்தவள்தான் தலையைக் குனிந்துகொண்டு போக வேண்டும். காய்ச்சலில் காலை ஊன்ற முடியாதபோதும் ஒரு பால்காரனுக்காக நான் எழுந்து நின்றிருக்கிறேன்.

முதல் நாள், மரியாதைக்கு என்று நினைத்து மணி அடித்தேன். சரிவில் பத்துப் பெண்கள் ஒருத்தி பின் ஒருத்தியாக எழுந்தார்கள். அதில் என் அம்மாவும் இருந்தாள்.

"ஏட்டி, நீதானா! பால்காரன்னுல்லா எந்திரிச்சோம். ஒன் மணியில இடி விழ!" என்று பக்கத்து வீட்டு அத்தை கத்தினாள்.

மறுநாள் மணி அடிக்காமல் போனேன். சத்தமில்லாமல் திடீரென்று வந்து நின்றவளைப் பார்த்து அவர்கள் அலற, நான் பதறி விழுந்தேன். உள்ளங்கை எதில் ஊன்றியது என்று எழுதப்போவதில்லை. மண் போட்டுத் தேய்த்தேன், மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவினேன், சீயக்காய் போட்டேன். மூன்று நாள் அந்தக் கையால் சோறு தின்ன முடியவில்லை.

"காலேஜ்காரி கரண்டில திங்கா" என்று அம்மா சிரித்தாள். பிறகு அவளே ஒரு வழியும் சொன்னாள். "வாயால சத்தங் குடுத்துக்கிட்டு வா. பொம்பளக் கொரல்னு தெரிஞ்சா நாங்க பாட்டுக்கு உக்காந்திருப்போம்ல."

எனக்குப் பாட்டு வராது. பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த செடிப் பெயர்களைச் சொல்லிக்கொண்டு ஓட்டினேன். அசாடிராக்டா இண்டிகா, மாஞ்சிஃபெரா இண்டிகா.

"ஆரட்டி இந்த வைய்யி வையித?" என்று, நான் யாரையோ திட்டுவதாக நினைத்து, இருட்டுக்குள்ளிருந்து ஒருத்தி கேட்டாள். சரிவு முழுக்கச் சிரிப்பு. ஆனால் யாரும் எழுந்திருக்கவில்லை.

மேலே இருந்த ஆண்களும் எழுந்திருக்கவில்லை. வளைவில் தினமும் உட்காருபவர் ஒரு துணிக்கடை முதலாளி. சாயங்காலம் வெள்ளை வேட்டியும் நெற்றி நிறையத் திருநீறுமாக வருவார். தெருவே எழுந்து நிற்கும். அவர் வீட்டில் கக்கூஸ் கட்டி வருடக்கணக்காகிவிட்டது. திறந்த வெளியில் காற்றாட உட்காருவதுதான் உடம்புக்கு நல்லது என்று அவருக்கு ஒரு கொள்கை. இளங்காற்று, மலை, பறவைச் சத்தம் எல்லாவற்றையும் ரசித்தபடி அவர் அங்கே உட்கார்ந்திருப்பார்.

தலையைக் குனிந்தால் சைக்கிள் சரியும். அதனால் பத்தாம் நாள் நேராகப் பார்த்து ஓட்டினேன். வளைவில் அவர் இருந்தார். இருமினார். பெயர்களை உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தேன், கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் விழுந்துவிடுவேன் என்பது பாதிக் காரணம்தான். அவர் பீடியைப் போட்டார், வேட்டியை வாரிச் சுருட்டினார், முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு எழுந்து நின்றார். எதையும் முடிக்காமல் எழுந்து நிற்பது எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டார். மில் வேலை முடிந்து வந்திருந்த அப்பா, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பொட்டப்புள்ளைக்குக் கூச்சம் வேண்டாமா? ஆம்பளைகள வெறிச்சு வெறிச்சுப் பாக்கா. நாளையிலருந்து அந்தப் பக்கம் சைக்கிள் வரப்படாது" என்றார் முதலாளி.

அப்பா சரி என்று தலையாட்டிவிட்டால் எல்லாம் போயிற்று. செண்பகத்தோப்பும் இல்லை; எனக்கு ஓட்டத் தெரியாது என்று அன்றைக்குக் கேட்ட தோழி கண்டுபிடித்தும் விடுவாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "கண்ண மூடிக்கிட்டு சைக்கிள் விட முடியுமா, மொதலாளி? நாங்க தெனமும் எந்திரிக்கத்தான செய்யுதோம். நீங்க செத்த நேரம் எந்திரிச்சா காலு ஒடிஞ்சா போகும்?"

அவர் செருப்பை மாட்டினார். அவர் தெருமுனை தாண்டியதும் அப்பா துண்டைத் தோளில் போட்டார். பிறகு என்னிடம், "பிரேக்கு நல்லாப் பிடிக்குதா?" என்று மட்டும் கேட்டார்.

உத்திரத்தன்று ஐந்து பேரும் போனோம். ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் லாரிகளுக்கு நடுவேயும் நான் பின்தங்கவில்லை. செண்பகத்தோப்பு ஓடையில் முழங்கால் அளவுதான் தண்ணீர். "என்ன சுத்தமான காத்து!" என்று தோழிகள் பாறைமேல் கைகளை விரித்துக்கொண்டு நின்றார்கள். எனக்குக் காற்றில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. பாறைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். அங்கேயும் கண்மாய்க்கரைதான். திரும்பி வந்து, இங்கே குளிக்க வேண்டாம், மேலே போவோம் என்றேன்.

மேலேயும் அப்படித்தான் இருந்தது. ஆறாவது பாறைக்கு அப்புறம்தான் தண்ணீரில் காலை வைத்தோம்.