பொம்மை லாட்ஜ் சுப்புராயன்

முதலில் யானையைத் தட்டுகிறார். அடுத்து மானை. அதற்கடுத்து கிளியை. நடுவிரலை மடக்கி முட்டியால் ஒரே ஒரு தட்டு. தலையைச் சாய்த்துக் கொஞ்சம் கேட்கிறார். தோள்துண்டால் தூசியைத் துடைத்துவிட்டு அடுத்த அறை வாசலுக்கு நகர்கிறார். விருத்தாசலத்தில் காலை ரயிலில் இறங்கி, மலிவாகத் தங்க இடம் தேடி பொம்மை லாட்ஜ் இருக்கும் சந்துக்குள் நுழைகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது இந்தக் காட்சிதான். ஆள் சரியில்லையோ என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனவர்களும் உண்டு.

"தட்டுனா சொல்லிடும்ங்க," என்பார் சுப்புராயன். "நல்ல பீங்கான் கணீர்னு பேசும். கீறல் வுட்டது தொண்ட கட்டுன மாரி பேசும்."

அறை வாசல் நிலைகளுக்கு மேல் வைத்து அவர் தட்டுகிற பொம்மைகளில் ஒன்றாவது முழுசாக இருந்தால் இந்தப் பேச்சுக்கு அர்த்தம் உண்டு. யானைக்கு ஒரு காது இல்லை. மானுக்கு மூன்று கால். கிளிக்குச் சூளையில் வண்ணம் ஓடி ஒரு கண் மூக்கின்மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது. குரங்குக்கு வால் போய்விட்டதால் பார்ப்பதற்கு முனிசிபல் ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் குந்தியிருப்பது போலிருக்கும். ஏற்கெனவே உடைந்ததை எதற்குத் தட்டவேண்டும் என்று கேட்டால் அதற்கும் பதில் வைத்திருக்கிறார். மேற்கொண்டு உடைந்து வாடிக்கையாளர் தலையில் விழக்கூடாது அல்லவா.

லாட்ஜ் வைப்பதற்கு முன்னால் அவர் ஒரு பீங்கான் சூளையில் தரம் பிரிக்கிற கொட்டகையில் இருந்தார். நாள் முழுக்கத் தட்டுவதுதான் வேலை. கணீரென்றால் இந்தப் பக்கம், இல்லாவிட்டால் அந்தப் பக்கம். அந்தப் பக்கம் சேர்ந்த குவியலைப் பார்க்கப் பார்க்க அவருக்கு மனசு கேட்கவில்லை. ஒவ்வொன்றாக வீட்டுக்குக் கொண்டுவர ஆரம்பித்தார். மாமனார் விட்டுப்போன பழைய நெல் மண்டியை அறை அறையாகத் தடுத்து லாட்ஜ் ஆக்கியபோது, அந்தக் கழிசல் அத்தனையும் அங்கே குடியேறிவிட்டது. சட்டை மாட்டும் கொக்கிகளாகச் சுவரில் பதித்திருப்பவை கோணிப்போன பியூஸ் கட்டைகள். குடிதண்ணீர் இருப்பது மூடி பொருந்தாத ஊறுகாய் ஜாடியில். டீ வருவது பிடி இல்லாத கோப்பையில். துண்டால் பிடித்துக் குடிக்கவேண்டும். துண்டு கொண்டுவராதவருக்குச் சுப்புராயன் தன் துண்டைத் தருவார், அதில் அவருக்குக் கூச்சமே கிடையாது.

கதவுகளில் ஆரம்பத்தில் எண் எழுதியிருந்தார். யாரும் எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை, நிலைக்கு மேலிருந்த பொம்மையைத்தான் வைத்துக்கொண்டார்கள். இரண்டாம் முறை வெள்ளையடித்தபோது எண்கள் மறைந்தன, அவரும் திரும்ப எழுதவில்லை. கதவுக்கு நாதாங்கி உண்டு, பூட்டு கிடையாது. "வாசப்படியில நான் ஒக்காந்திருக்கிறப்ப பூட்டு எதுக்குங்க?" என்பது அவர் கட்சி.

வருஷம் முழுக்க ஈ ஓட்டினாலும் மாசி மகம் வந்தால் பொம்மை லாட்ஜில் நிற்க இடம் இருக்காது. மணிமுத்தாற்று மணலில் பொருட்காட்சி போட்டுவிடுவார்கள். ராட்சத ராட்டினம், மரணக் கிணறு, சிரிப்புக் கண்ணாடி, உடம்பில்லாமல் தலை மட்டும் பேசும் பெண். ஆற்றில் ஒரு முழுக்கு, ராட்டினத்தில் ஒரு சுற்று என்று வருகிற ஸ்ரீமுஷ்ணத்துக் குடும்பங்களுக்கும் சேத்தியாத்தோப்பு சம்சாரிகளுக்கும் கட்டுப்படியாகிற ஒரே லாட்ஜ் அதுதான். பிள்ளைகளுக்கு ராட்டினம் பாதி, லாட்ஜ் பாதி. பஸ்ஸை விட்டு இறங்கும்போதே, "எங்களுக்கு வாலு இல்லாத கொரங்கு ரூமுதான் வேணும்," என்று அழுதுகொண்டே வருவார்கள். வெற்றிலை வியாபாரி பாவாடை வருஷம் தவறாமல் ஒற்றைக் காது யானையில்தான் தங்குவார். வேறு அறையில் தூக்கம் வராதாம்.

இப்படி ஊனமுற்ற மிருகங்களோடு நிம்மதியாக இருந்த மனிதரிடம் எழுபத்து நாலாம் வருஷம் மகத்துக்கு முன்னால் தரகர் நடராசன் வந்து சேர்ந்தார்.

சுப்புராயனுக்கு ஒரே மகள், பாலாம்பாள். அதற்கு முன்பே இரண்டு இடம் வந்து கைகழுவிப் போயிருந்தது. பெண்ணைக் குறை சொல்லவில்லை. "நாலு பேரு வந்து போற எடத்துல வளந்த பொண்ணு," என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்த வார்த்தை சுப்புராயனுக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்துக் கிடந்தது. தன் பிழைப்பே மகளுக்குக் குறையாகப் போயிற்றே என்று தனியாக உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டதும் உண்டு. இப்போது கம்மாபுரத்திலிருந்து மூன்றாவது இடம். பையன் பழமலை, நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை. அவன் தாயார் வீராயி மகத்துக்கு வருகிறாராம். பிள்ளையை அழைத்துவராமல், நாத்தனாரோடு இந்த லாட்ஜிலேயே ஒரு நாள் தங்கிக் குடும்பத்தைப் பார்த்துவிட்டுப் போவாராம்.

"ஒண்ணே ஒண்ணு," என்றார் தரகர், கிளம்பும்போது. "அந்தம்மா வூட்டுல கீறல் வுழுந்த சட்டிகூட வெக்க மாட்டாங்க. போன எடத்துல டம்ளரு நசுங்கியிருந்துச்சுன்னு சம்மந்தத்தையே வேணாம்னுட்டாங்க."

சுப்புராயன் நிமிர்ந்து நிலைகளைப் பார்த்தார். ஒற்றைக் காதும் மூன்று காலும் மூக்குக் கண்ணும் அவரைத் திருப்பிப் பார்த்தன.

"பொண்ணப் பாக்க வராங்களா, பொம்மயப் பாக்க வராங்களா?" என்று கேட்டார் மனைவி சொர்ணாம்பாள். அதைக் காதில் போட்டுக்கொள்கிற நிலையில் அவர் இல்லை. மறுநாளே சூளைக்கு ஓடினார். திருவிழா நேரம், கடைக்காரர்கள் எல்லாப் பொம்மையையும் வாரிக்கொண்டு போயிருந்தார்கள். மிஞ்சியது குதிரை. யாரோ வெளியூர்க்காரர் செய்யச் சொல்லிவிட்டு எடுத்துப் போகாத வெள்ளைக் குதிரைகள். அத்தனையும் ஒரே அச்சு, ஒரே வார்ப்பு, ஒரு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்பவை. சுப்புராயன் ஒவ்வொன்றாகத் தட்டினார். ஒவ்வொன்றும் கணீரென்று பேசியது. அந்தச் சத்தத்தில் அவருக்கு மற்றதெல்லாம் மறந்துவிட்டது. மகத்தன்று மத்தியானம், வாடிக்கைக்காரர்கள் மூட்டை முடிச்சுகளை அறையில் போட்டுவிட்டு ஆற்றுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, எல்லா அறை வாசலிலும் குதிரையை ஏற்றிவிட்டார். பழைய பொம்மைகளைச் சாக்கில் கட்டிச் சமையல்கட்டுக்குப் பின்னால் தள்ளினார்.

"எல்லாம் ஒரே குதிரயா இருக்குது. வரவங்களுக்கு எப்பிடிங்க தெரியும்?" என்றார் சொர்ணாம்பாள்.

"வூட்டுக்காரன் நான் இருக்கறேன்ல. ஒவ்வொருத்தரா வருவாங்க, சொல்லிடறேன்."

பாலாம்பாளை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, அன்று பொழுதுக்கும் லாட்ஜுக்குப் பின்னாலிருந்த வீட்டுக் கட்டைவிட்டு வெளியே தலைகாட்டக்கூடாது என்று சொல்லிவைத்தார். நாலு பேர் வந்து போகிற இடம் என்ற பேச்சு இந்த முறை வரக்கூடாது.

வீராயி நல்ல உயரம். பேச்சு கம்மி. வந்ததும் குதிரைகளை ஒரு பார்வை பார்த்தார், சுப்புராயனை ஒரு பார்வை பார்த்தார், "லாட்ஜிக்காரரே, எங்க எடம் எது?" என்று கேட்டு மூட்டையை வைத்துவிட்டு, நாத்தனாரோடு பொருட்காட்சிக்குப் போய்விட்டார். என்ன நினைத்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் மூக்கு நுனியைக்கூட ஆராய்ந்து பார்த்த சுப்புராயனுக்கும் தெரியவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வந்தது வினை. ஒவ்வொருத்தராக யாரும் வரவில்லை. ராட்டினம் பழுதாகிக் கொஞ்ச நேரம் நின்றதாம், ஊரே எழுந்து ஒன்றாக வந்துவிட்டது. ராட்டினத்தில் சுற்றிய தலை, வாசலுக்கு வாசல் ஒரே குதிரை. பாவாடை தன் யானையைத் தேடி நாலு நடை நடந்து, அலுத்துப்போய்க் கிடைத்த அறையில் படுத்துவிட்டார். ஸ்ரீமுஷ்ணத்துக் குடும்பம் ஒன்று, அறையில் மூட்டையாக இருந்த புளிச்சோற்றை லாட்ஜின் உபசாரம் என்று நினைத்துப் பிரித்துச் சாப்பிட்டு முடித்து, நன்றி சொல்ல வெளியே வந்தது. சோற்றுக்குச் சொந்தக்காரர்கள் வாசலில் நின்றார்கள். குரங்கைக் காணோமென்று பிள்ளைகள் ஒரு பக்கம் அழுதன. சுப்புராயன் நடுவில் நின்று, "இருங்க, இருங்க, சொல்லிடறேன்," என்றார். யார் எந்தக் குதிரை என்று அவருக்கே தெரியவில்லை.

அந்தக் கூட்டத்தில்தான் வீராயி செம்போடு நின்றார். ராட்டினத்தில் ஏறிய நாத்தனாருக்குத் தலை கிறுகிறுத்து வாந்தி. அவரை அறையில் படுக்கவைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்கு வந்தவருக்குத் திரும்பிப் போக அறை தெரியவில்லை. ஒரு கதவைத் திறந்தார், பாவாடை பனியனோடு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். இன்னொன்றைத் திறந்தார், உள்ளே யாரோ சேலை மாற்றிக்கொண்டிருந்த பெண் கத்தினாள். மூன்றாவது கதவருகே போய்க் கையை வைக்கப் பயந்து நின்றுவிட்டார்.

"போச்சு," என்றார் சுப்புராயன் மனைவியிடம். "எம் பொண்ணு கல்யாணத்த நானே ஒடச்சிட்டேன் சொர்ணம்." அவர் குரல் தொண்டை கட்டியது போல இருந்தது.

அப்போது வீட்டுக் கட்டிலிருந்து அரிக்கேனோடு பாலாம்பாள் வெளியே வந்தாள். அப்பா தடுக்கக் கை நீட்டியதை அவள் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. முற்றத்து நடுவில் நின்று, "ஒத்தக் காது ஆனை யாரு?" என்று குரல் கொடுத்தாள். யாரோ பாவாடையை உலுக்கி எழுப்பினார்கள். "மாமா, நீங்க இப்பிடி வாங்க. வாலு இல்லாத கொரங்கு, இந்தப் பக்கம். மூக்குல கண்ணு கிளி, கடைசி கதவு. புளிச்சோறு போனவங்க சமையல்கட்டாண்ட வாங்க, சோறு வடிச்சாச்சு." ஒரு வெற்றிலை போடும் நேரத்துக்குள் முற்றம் காலியாகிவிட்டது. வீராயி எந்த அறைக்குள் போனார் என்று ஜன்னல் வழியே பார்த்திருந்தவள், கடைசியாக அவரிடம் வந்து செம்பை வாங்கிக்கொண்டு, "அத்தை, ஒங்களுது மூணு காலு மானு. வாங்க, அவங்க தவிச்சுக்கினு இருப்பாங்க," என்று அழைத்துப் போனாள்.

நாத்தனார் தண்ணீர் குடித்துத் தெளிந்து கண்மூடிய பிறகு, வீராயி காலிச் செம்போடு வெளியே வந்தார். சுப்புராயன் துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றார்.

"மூணு காலு மானு எங்க இருக்குது?"

மறைக்க இனி ஒன்றுமில்லை. சாக்கைத் தூக்கிவந்து பிரித்தார். வீராயி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். குரங்கை மட்டும் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

"எதுக்கு இதெல்லாம் மறச்சீங்க?"

"ஒடஞ்சது ஒங்களுக்கு ஆவாதுன்னு தரகர் சொன்னாரு. ஏதோ டம்ளரு…"

"டம்ளரா? அது ஒழுவிச்சு. பட்டுச் சேல பூரா காப்பி. ஒழுவுதுன்னு சொன்னதுக்கு அந்த வூட்டுல சண்டைக்கு வந்தாங்க. சண்டக்கார வூட்டுல எப்பிடி சம்மந்தம் வெக்கறது?" சற்று நிறுத்தினார். "எங்க வூட்டுல அறுவடன்னா ஊரு ஆளு பூரா சோத்துக்கு வரும். ஆள மேய்க்கத் தெரியாத பொண்ணு வந்தா ஒரு நாளு தாங்காது. ஒங்க பொண்ணு நாலு பேரு வர எடத்துல வளந்ததும் நல்லதாப் போச்சு."

சுப்புராயன் குரங்கை எடுத்துத் துண்டால் துடைத்தார்.

வீராயி தன் அறை வாசலுக்குப் போனார். நிலைக்கு மேல் ஒரு காலைத் தூக்கி நின்ற வெள்ளைக் குதிரையை நிமிர்ந்து பார்த்தார். செம்பின் அடியால் அதன் காதில் பதமாக ஒன்று போட்டார். காது டக்கென்று பெயர்ந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது.

"இனி வந்தா எங்க ரூமு எதுன்னு தேட வேணாம்ல," என்றார். "வெள்ளிக்கெழம புள்ளையோட முறையா வரோம். இந்தாங்க சம்மந்தி, பத்திரம்."

சுப்புராயன் தோள்துண்டை உதறி இரு கையாலும் அகல விரித்து, தாம்பூலத் தட்டு வாங்குகிறவரைப் போலக் குனிந்து அந்தக் காதை வாங்கிக்கொண்டார்.